வயதான பேட்டரிக்குச் சின்ன சார்ஜர்

1961 ஐப்பசி, புதன்கிழமை.

தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டிகளை இழுக்கும் பேட்டரி வண்டிக்கு இன்று சார்ஜர் பார்க்க ஹட்டனுக்குப் போனோம். கடைக்காரர் இரண்டைக் காட்டினார். பெரியது மூன்று மணி நேரத்தில் ஏற்றிவிடும். சின்னதற்கு ஒரு முழு இரவு வேண்டும். தேயிலையின் பதம் பார்க்கும் டீமேக்கர் ஐயா பெரியதிலேயே பிடிவாதமாக நின்றார். பிறகு மெக்கானிக் என்று நான் எதற்கு?

"பழைய பேட்டரிங்க ஐயா. வேகமா ஏத்தினா கொதிச்சுப் போயிரும்," என்றேன்.

"வேலை நடக்கணுமா வேணாமாப்பா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கொழுந்தைச் சீக்கிரம் வாட்டுறேன்னு சூட்டைக் கூட்டினவனைப் போன வாரம் நீங்க என்ன பாடு படுத்தினீங்க?"

கடைக்காரர் முன்னாலேயே ஐயா சிரித்துவிட்டார். "சரி, சின்னதையே வாங்கு. வண்டி நின்னுச்சுன்னா பெட்டியை நீதான் தூக்கணும்."

ஒப்புக்கொண்டேன். மெதுவாக ஏற்றினால் அந்தப் பேட்டரி இன்னும் இரண்டு வருடம் உழைக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதன் செல்களில் ஒன்று மட்டும் சோர்ந்து கிடக்கிறது. அதை ஐயாவிடம் சொல்லவில்லை. மற்றவை நன்றாகத்தான் இருக்கின்றன.

பெட்டி என்ன கனம் இருக்கும் என்று நாளைக்கு ஒன்றைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.