பயாப்சி முடிவு வரவேண்டியுள்ளது

மார்ச் 3, செவ்வாய்

மன்னிச்சுக்கோ அம்மா, இது உன் டைரி. உன் மாத்திரை நேரத்தை எழுதத்தான் அண்ணன் இதை மருந்துக் கடையிலிருந்து வாங்கி வந்தான். நாலு வரி போக மீதிப் பக்கம் வெள்ளையாகவே கிடக்கிறது. அந்த இடத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். வாய் திறந்து பேச வராதவள் வேறென்ன செய்ய?

காலை எட்டு, வலிப்பு மாத்திரை. போட்டாச்சு.

இன்று அம்மா ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். மூன்று முறை ஊசி கீழே விழுந்தது. பதினெட்டு வருஷம் துணி ஆலையில் பட்டன் தைத்த கை.

"தலைக்குள்ள இருந்த கல்லை எடுத்துட்டாங்க. இனி மிச்சம் களிமண்ணுதான்டி" என்று கட்டி ஆபரேஷன் தழும்பைத் தடவிச் சிரித்தாள்.

மார்ச் 9, திங்கள்

என் வேலை என்னவென்று யாருக்கும் விளக்க வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா நான் நர்ஸ் என்றே நினைக்கிறாள். ஆஸ்பத்திரிகள் அனுப்பும் ஃபைல்களைப் படித்து, இன்சூரன்ஸுக்காக ஒவ்வொரு நோய்க்கும் உரிய கோட் எண் போடுவேன். என் பங்குக்கு மூளைக் கட்டிகள். டாக்டர் எழுதாததை நாங்கள் எழுதக் கூடாது. எழுதப்படாதது நடக்கவே இல்லை. முதல் நாள் சொல்லித்தந்த பாடம் அது.

இன்று ஒரு ஃபைல். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'தீங்கற்ற கட்டி' என்றிருக்கிறது. ஒன்பது நாள் கழித்து வந்த பயாப்சித் தாளில் 'இரண்டாம் நிலை', அதாவது திரும்ப வளரக்கூடியது. சம்மரியை யாரும் திருத்தவில்லை. முதலாவதற்கு டி முப்பத்திரண்டு, மற்றதற்கு டி நாற்பத்திரண்டு. டீம் லீடரிடம் காட்டினேன்.

"முப்பத்திரண்டு சாது. நாற்பத்திரண்டு, நடத்தை எப்படின்னு சொல்ல முடியாது. மாப்பிள்ளை பாக்குற மாதிரிதான். டாக்டரையே கேளு."

"போன்லயா அக்கா?"

"உன் பயத்துக்கும் ஒரு கோட் இருக்கு, தேடிப் பாரு! எழுதிக் கேளும்மா."

பதிலை நாமே எடுத்துக்கொடுப்பதுபோல் கேட்கக் கூடாது என்பது விதி. 'இரு குறிப்புகளும் வேறுபடுகின்றன. தெளிவுபடுத்தவும்' என்று மட்டும் எழுதி அனுப்பினேன். எழுத்தில் எனக்குப் பயமே இல்லை.

மார்ச் 12, வியாழன்

பதில் வந்தது. 'அறிக்கையை இப்போதுதான் பார்த்தேன். இரண்டாம் நிலைதான். நோயாளியை உடனே ஸ்கேனுக்கு அழைக்கிறோம்.'

இப்போதுதான் பார்த்தேன். அந்த இரண்டு வார்த்தையோடு வீட்டுக்கு வந்து, அம்மாவின் ஃபைலை பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்தேன். சம்மரியின் கடைசி வரி: 'பயாப்சி முடிவு வரவேண்டியுள்ளது.'

எட்டு மாதமாக வரவேண்டியுள்ளது. கவரைக் கவிழ்த்து உதறினேன். அந்தத் தாள் இல்லை.

ஊரார் ஃபைலில் தினமும் இதைத்தானே தேடுகிறேன்? ஆபரேஷன் முடிந்து அம்மா வீடு திரும்பிய அன்று டாக்டர் கேட்டார், "ஏதாவது கேக்கணுமா?" அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய ஒரே ஆள் நான்தானே. இல்லையென்று தலையாட்டினேன். எதிரே ஐந்து பேர் வெள்ளைக் கோட்டில் நின்றார்கள் – அவ்வளவுதான் காரணம்.

மார்ச் 13, வெள்ளி

அண்ணனிடம் சொன்னேன்.

"டாக்டரே சாதாக் கட்டின்னுட்டாரு. நீ ஏன் கிளறுற? நாலு எழுத்து படிச்சா எல்லாத்திலயும் சந்தேகமா?"

"அண்ணா, அந்தத் தாளை மட்டும்…"

"அம்மா காதுல விழப்போகுது. போய்த் தூங்கு."

மார்ச் 16, திங்கள்

லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரெக்கார்டு கவுண்டரில் முக்கால் மணி நேர வரிசை. என் முறை வந்தது. "என்னம்மா வேணும்?"

"ஒண்ணுமில்ல சார்."

ஒண்ணுமில்ல என்று சொல்லவா அவ்வளவு நேரம் நின்றேன்? சீ.

மார்ச் 17, செவ்வாய்

அம்மா கரண்டியை இடது கையில் பிடித்திருந்தாள். நான் பார்ப்பது தெரிந்ததும் மாற்றிக்கொண்டாள்.

மார்ச் 18, புதன்

அம்மாவின் பெயர், ஆபரேஷன் தேதி, ஃபைல் எண், வேண்டிய தாள். எல்லாவற்றையும் எழுதி கவுண்டருக்குள் நீட்டினேன்.

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா பாப்பா?" என்றார் கிளார்க். ஆனாலும் தேடி எடுத்துக் கொடுத்தார்.

பயாப்சித் தாள், நாங்கள் வீடு திரும்பிய பதினோராம் நாளே வந்திருக்கிறது. இரண்டாம் நிலை. டாக்டர் பார்த்ததாகக் கையெழுத்திடும் கட்டம் காலி.

நாற்பத்திரண்டு. படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஏப்ரல் 2, வியாழன்

ஸ்கேன் பார்த்தாயிற்று. கட்டி திரும்ப வளர்ந்து ஒரு பெரிய ரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டிருக்கிறதாம்.

"ஏன் முன்னாடியே வரல?" என்றார் டாக்டர். அதே டாக்டர்தான்.

"ஒரு வருஷம் கழிச்சு வான்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றான் அண்ணன்.

அவர் ஃபைலைப் புரட்டினார். காலிக் கட்டத்தில் அவர் விரல் நின்றது. ஃபைலை மூடினார். வெளியே வந்ததும் அண்ணன் என் தலையில் கை வைத்தான். திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 21, செவ்வாய்

மீண்டும் ஆபரேஷன். உள்ளே போகுமுன் அம்மா: "களிமண்ணையும் எடுக்கப்போறாங்களா? எனக்குக் கொஞ்சம் வைக்கச் சொல்லுடி."

ஏழு மணி நேரம். முழுதாக எடுக்க முடியவில்லை.

மே 4, திங்கள்

மாத்திரையைப் பொடித்து மூக்குக் குழாயில் விடுகிறோம். அம்மா பேசிப் பதின்மூன்று நாள்.

மே 11, திங்கள்

நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். புதுச் சம்மரியைக் கொடுத்தார்கள். அலுவலகத்தில் படிப்பதுபோல் வரி வரியாகப் படித்தேன். 'கட்டி மீண்டும் வளர்ந்துள்ளது.' 'வலப்பக்கம் செயலிழப்பு.' 'பேச்சு இல்லை.' எல்லாம் சரி. போன வருஷத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. நாளை என்னைப்போல் ஒருத்தி எங்கேயோ உட்கார்ந்து இதற்குக் கோட் போடுவாள். அவளுக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

தனியாக டாக்டர் அறைக்குப் போனேன். காகிதம் எதுவும் எடுத்துப் போகவில்லை.

"சொல்லும்மா."

"இதுல ஒரு விஷயம் விட்டுப்போச்சு சார்."

"என்னது?"

பதிலை நான் எடுத்துக்கொடுக்கக் கூடாது. கொடுத்தேன்.

"பயாப்சி முடிவு போன வருஷமே வந்துச்சு. யாரும் படிக்கல. அதைத் தேதியோட எழுதுங்க சார். அப்புறம், ஏதாவது கேக்கணுமான்னு அன்னைக்கு நீங்க கேட்டீங்க. படிச்ச பொண்ணு பக்கத்துல நின்னுட்டு ஒண்ணுமே கேக்கல. அதையும் எழுதுங்க."