பத்திரத்துக்கு ஓர் இடம்

மார்ச் 3

பாப்பாவின் அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒருவழியாக வீட்டின் மேல் வாங்கிய கடன் தீர்ந்தது. நீங்கள் அனுப்பிய சம்மதக் கடிதத்தைக் காட்டி, நேற்று வங்கியில் வீட்டின் அசல் பத்திரத்தை வாங்கி வந்தேன். பக்கம் பக்கமாகச் சரிபார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். ஆறு வருடமாக மாதம் தவறாமல் பணம் அனுப்பினீர்கள். அதை இல்லை என்றால் என் நாக்கு அழுகிவிடும்.

இனி இதை எங்கே வைப்பது என்பதுதான் கவலை. முதலில் பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். அங்கிருந்துதானே என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துப்போய் உங்கள் சொந்தப் பட்டறைக்காக அடமானம் வைத்தீர்கள். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன்.

நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் மாத்திரை டப்பாவோடு ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்கள் வரும். அதில் நாலைப் பத்திரத்தோடு உறையில் போட்டேன். நீங்கள் கையே வைக்காத இடம் எது என்று யோசித்து, சமையலறையில் மாவு டப்பாவுக்குப் பின்னால் செருகினேன். பாப்பா பார்த்துவிட்டு, "யாருக்கும்மா பயந்து ஒளிக்கிற? அப்பாதான் இங்க இல்லையே" என்றாள். சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் அழுகையும் வந்தது.

உங்களுக்கு ஏதாவது யோசனை இருந்தால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா

மார்ச் 9

பாப்பாவின் அம்மாவுக்கு,

கடிதத்தைக் கை கழுவாமலே பிரித்துவிட்டேன். லேத் எண்ணெய் பட்டு உன் எழுத்தில் பாதி மங்கிவிட்டது. மாவு டப்பா வேண்டவே வேண்டாம், பூச்சி வரும். பத்திரமாக இருக்கட்டும் என்று லாமினேஷன் கடைக்கும் கொண்டுபோய்விடாதே. இங்கே நான் வேலை பார்க்கும் பட்டறையில் வெல்டர் ஒருவர் அப்படிச் செய்து, முத்திரை மை சூட்டில் கரைந்து, அசல்தான் என்று நம்பவைக்க நாயாய் அலைகிறார். வீட்டில் நகல் போதும். அசல் வங்கி லாக்கரில் இருக்கட்டும். கடன் தீர்ந்ததைப் பதிவு அலுவலகத்திலும் மறக்காமல் பதிந்துவிடு.

லாக்கர் உன் பெயரில் மட்டும் இருக்க வேண்டும். என் பெயரைச் சேர்க்காதே. என் பெயரில் இருக்கும் வீட்டையும் உனக்கே எழுதித் தந்துவிடுகிறேன்.

கேட்டால் நீ வேண்டாம் என்பாய் என்று தெரியும். தெரிந்துதான் கேட்காமல் எடுத்தேன். பட்டறையும் போனது, உன் நம்பிக்கையும் போனது. இதைச் சொல்ல எனக்கு ஆறு வருடம் ஆகியிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

பாப்பாவின் அப்பா

மார்ச் 16

என்னங்க,

வீட்டை எழுதித் தருகிறேன் என்று பெரிய மனுஷர் மாதிரி எழுதிவிட்டீர்கள். பின்கதவுத் தாழ்ப்பாள் ஒரு வருடமாக விழவில்லை. அதை யார் பார்ப்பது?

லாக்கர் கேட்டு வங்கிக்குப் போனேன். அங்கிருந்த பெண், "ரெண்டு பேர் பேர்ல போட்டா, யாராவது ஒருத்தர் வந்து திறக்கலாம். இல்லன்னா ரெண்டு பேரும் சேர்ந்து வந்தாத்தான் திறக்கலாம். எப்படி வேணும்?" என்றாள். இரண்டாவதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். தனியாக வந்தால் நீங்கள் மட்டுமல்ல, நானும் திறக்க முடியாதாம்.

"அதையே போடுங்க" என்றேன்.

"வீட்டுக்காரர் உள்ளூர்லதான் இருக்காரா? அடிக்கடி அலைய முடியாது பாருங்க."

"இங்கதான் இருப்பார்" என்று வாய் சொல்லிவிட்டது. பொய்தான். மாற்றிச் சொல்ல மனம் வரவில்லை.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இன்னும் நிறைய இருக்கிறது. அதையெல்லாம் காகிதத்தில் எழுதிக் கை ஒடிய என்னால் முடியாது, நேரில்தான் திட்ட வேண்டும். உங்கள் கையெழுத்துக்காகப் படிவம் காத்திருக்கிறது. எத்தனை நாள் விடுப்புக் கிடைக்கும் என்று எழுதுங்கள்.

உங்கள் மனைவி

மார்ச் 21

என் மருந்துக்காரிக்கு,

உன்னை இப்படி அழைத்து எத்தனை நாளாகிறது. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தப்பாகப் புரிந்துகொண்டு வந்து நிற்கக் கூடாதே என்ற பயம். பிறகு, தப்பாக இருந்தால் வாசலில் வைத்தே நீ சொல்லிவிடுவாய் என்று தைரியம் வந்தது.

முதலாளி எத்தனை நாள் லீவு என்று கேட்டார். "லீவு இல்லண்ணே, வீட்டுக்கே போறேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலைப் பேருந்தில் வருகிறேன். கருவிப்பெட்டியையும் எடுத்து வருகிறேன், தனியாகத் தூக்க முடியாது. பாப்பாவைப் பேருந்து நிலையத்துக்கு அனுப்பு. முடிந்தால் நீயும் வா.

உன் வீட்டுக்காரன்