வாயில் தண்ணீரோடு ஓடுகிறவர்கள்

என் ஆசைத் தம்பி கதிரேசுக்கு,

எழுத்துக் கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். 'ழ' வரும் இடங்களில் பேனை என் சொல்லைக் கேட்பதில்லை. ஒரு வரி முடிவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது. ஆனாலும் எழுதுகிறேன், பார்த்தாயா! பள்ளிக்கூட வாசலை மிதிக்காத உன் அண்ணன், தலை முழுக்க நரைத்த பிறகு எழுதப் படித்துவிட்டேன். உன் மனைவி மங்கைதான் எனக்கு ரீச்சர். சனசமூக நிலையத்தில் பின்னேரங்களில் வகுப்பு வைக்கிறாள். முதல் வாங்குப் பலகையில் நான்.

சந்தோசம் தாங்கவில்லை, தம்பி. கண்ணில் படுவதையெல்லாம் வாசிக்கிறேன். சீனி சுற்றி வந்த கடதாசிச் சரையில் உள்ளதை, பஸ்ஸில் உள்ளதை, எல்லாவற்றையும்.

அப்படித்தான் போன கிழமை பட்டணத்துக்குப் போனபோது, வேலணைப் பக்கம், கடலுக்குக் குறுக்கே போகும் தாம்போதி முடியும் இடத்தில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். அங்கே இப்போது மணல் மூட்டை அடுக்கி, துவக்கோடு ஆமிக்காரர் நிற்கிறார்கள். நீ ஓட்டம் பழக்கின பெடியள் தொட்டுத் திரும்பும் மைல்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு புதுப் பலகை. நான் விடுவேனா? நின்று சத்தமாக எழுத்துக் கூட்டினேன். "நடந்து செல்லவும். ஓடுபவர்கள் சுடப்படுவர்."

ஒரு பிழையும் விடவில்லை. யாராவது மெச்சுவார்கள் என்று பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் நிமிரவில்லை. பின்னால் நின்ற பெண்பிள்ளை மெல்லச் சொன்னாள்: "அப்பு, வாசிச்சது காணும், நிப்பாட்டுங்கோ. பேசாமல் நடவுங்கோ."

அதற்குப் பிறகுதான் நான் வாசித்தது என்னவென்று எனக்கு விளங்கியது.

நீ கல்லூரிக்கு ஓட்டம் பழக்க வந்தது சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்த வருடம். ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. நீயோ விடியப்புறத்தில் பெடியளைத் தாம்போதியில் ஓடவிட்டுப் பின்னால் சைக்கிளில் போவாய். வலை இழுக்கிறவர்கள் கடலுக்குள் நின்று பகிடி பண்ணுவார்கள். "மாஸ்டர், ஆரைப் பிடிக்க ஓடுறியள்?" "காத்தைப் பிடிக்கத்தான். பிடிச்சால் உமக்கும் கொஞ்சம் தாறன்!" என்பாய்.

உன் தண்ணீர்ச் சட்டம் எல்லாருக்கும் தெரியும். வெளிக்கிடும்போது ஒவ்வொருவனுக்கும் ஒரு வாய் கிணற்றுத் தண்ணீர். அதை வாயில் வைத்தபடி மூக்கால் மூச்சு விட்டு, மைல்கல்லைத் தொட்டுத் திரும்பி வந்து உன் காலடியில் துப்ப வேண்டும். விழுங்கினவன் திரும்பவும் ஓட வேண்டும். "கொம்மா கூப்பிட்டாலும் வாய் திறக்கப்படாது!" அந்த மூச்சை வைத்துக்கொண்டுதான் நம் தீவுப் பெடியள் பட்டணத்துக் கல்லூரிகளை வென்றார்கள்.

பிறகு, மார்க் இருந்தும் பெடியளுக்குக் கம்பஸில் படிக்க இடம் கிடைக்காமல் போன காலம் வந்தது. உன் முதல் ஓட்டக்காரன் விறாந்தையில் வந்து குந்தியிருந்து, "இனி எதுக்கு மாஸ்டர் ஓடுறது?" என்று கேட்டான். நீ செம்பில் தண்ணீர் மொண்டு அவனிடம் நீட்டினாய். அவன் வாங்கவில்லை. இப்போது அவன் ஊரில் இல்லை. எங்கே என்று ஒருவரும் சத்தமாகக் கேட்பதுமில்லை.

உன் இடத்தில் இப்போது உன் மகன் சேந்தன் நிற்கிறான். வருகிற ஞாயிறு உன் நினைவாக ஓட்டம். அதே விடியப்புறம், அதே தாம்போதி, அதே தண்ணீர்.

பழகும்போதே ஒன்று நடந்துவிட்டது. முன்னால் ஓடின பெடியனை மைல்கல்லடியில் மறித்துப் பெயர் கேட்டிருக்கிறார்கள். அவன் வாயே திறக்கவில்லை. திமிர் என்று நினைத்து ஒருவன் கன்னத்தில் அறைய, வாயிலிருந்த தண்ணீர் முழுக்க அறைந்தவனின் சட்டையில். மத்தியானம் வரைக்கும் வெயிலில் முழங்காலில் வைத்திருந்தார்கள். மறுநாள் அவன் சேந்தனிடம் சொல்கிறான்: "மாஸ்டர், நான் ஒரு சொட்டும் விழுங்கேல்லை!" எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து படுத்தால் நித்திரை வரவில்லை.

சேந்தனிடம் கேட்டுப் பார்த்தேன். "தம்பி, கடற்கரையாலை ஓடினால் என்ன?"

"அப்பா போட்ட பாதை, பெரியப்பா. இதை விட்டால் பிறகு எதை விடச் சொல்லுவாங்கள்?"

"அப்ப தண்ணியை எண்டாலும் விடன். கேட்டால் பெயரைச் சொல்லட்டும்."

"ஏலாது. தண்ணி இல்லாட்டி அது அப்பான்ரை ஓட்டம் இல்லை."

குசினிக்குள் அடுப்படியில் நின்ற மங்கைக்குக் கோபம். "நான் சொல்லிக் கேக்கிறானே, அண்ணை? தகப்பன்தான் வந்து சொல்ல வேணும். உங்களுக்குத்தான் இப்ப எழுதத் தெரியுமே, உங்கடை தம்பிக்கு எழுதிக் கேளுங்கோ!"

அதுதான் கேட்கிறேன். ஒரு நாளைக்கு மட்டும் உன் சட்டத்தைத் தளர்த்த மாட்டாயா? மைல்கல்லைத் தொட்டவன் திரும்பித்தானே ஓட வேண்டும்? முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறவனை அவர்கள் என்னவென்று நினைப்பார்கள்?

உன்னிடமிருந்து பதில் வராது என்று தெரியும். அதனால் நானே ஒரு முடிவு எடுத்துவிட்டேன். சின்ன வயதில் தென்பகுதிக் கடைக்கு வேலைக்குப் போய், கலவரத்தில் கடை எரிந்த அன்று உடுத்த சாரத்தோடு திரும்பி வந்தவன் நான். எழுத்துத்தான் வராமல் இருந்ததே தவிர, சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஞாயிறு, பெடியள் வெளிக்கிட முன்னமே நடந்துபோய் அந்த மைல்கல்லடியில் நிற்கப்போகிறேன். இருட்டில் கிழவனைச் சுட்டுவிடாமல் இருக்கத் தேவாரத்தை உரத்துப் பாடிக்கொண்டு போவேன். என் குரலைக் கேட்டும் சுட்டால், அதற்கு வேறு காரணம் இருக்கும்.

ஒவ்வொருவனும் ஓடி வரும்போது நான் அந்தத் துவக்குக்காரர்களுக்குச் சொல்லுவேன்: இவன் இன்னாரின் மகன், வாய்க்குள் தண்ணீர், விழுங்கினால் திரும்பவும் ஓட வேண்டும், இது என் தம்பியின் விசர்ச் சட்டம். இதைச் சிங்களத்தில் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். கேட்கிறவன் சிரிக்க வேண்டும். சிரித்துவிட்டான் என்றால் போதும். சிரிக்காவிட்டால்?

அடுத்த கிழமை உனக்கு எழுதுவேன், இது சத்தியம். "எல்லாரும் திரும்பி வந்து தண்ணீரைத் துப்பினார்கள்" என்று அதில் முதல் வரி இருக்க வேண்டும். கை தடுமாறக் கூடாது என்று அந்த வரியை இப்போதே கொப்பியில் எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு முன் பிறந்து, இன்னும் இங்கே நிற்கிற
உன் அண்ணன்