மாப்பிள்ளை முயலும் கரைந்துபோன கேள்வியும்

அக்கா,

இன்றைக்கு அம்மா சந்தையிலிருந்து ஒரு கட்டு கொல்மிக் கீரை வாங்கி வந்தாள். நம் வீட்டில் அதை யாரும் சமைத்ததில்லை. அதைச் சமையலறைக்குக் கொண்டுபோகாமல் பால்கனி மூலையில் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி அரிசி களையப் போய்விட்டாள். ஈரமும் குளத்துச் சேறும் கலந்த அந்த வாசனை கூடம் வரைக்கும் வந்தது. நான் சரித்திரப் புத்தகத்தை மூடிவிட்டேன். அது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை.

போன வருஷ மழையில் அந்த மூலையில்தான் உன் முயல் இருந்தது. நாளைக்கு உனக்குத் திதி. இந்த பெங்காலி ஊரில் அக்காவைக் கூப்பிடும் சொல்லும் கிட்டத்தட்ட அதுதான். சத்தியமாக இந்தச் சிலேடை நான் செய்ததில்லை.

உன் தீதி என்ன வேலை பார்க்கிறாள் என்று லேக் கார்டன்ஸ் பையன்கள் கேட்டால், பன்றிக்கு ஜுரம் பார்க்கிறாள் என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். உனக்குக் கோபமே வராது. "சிரிக்கட்டும்லே. கொட்டடியில ஒரு பன்னிக்கு வந்தா ஒரு வாரத்துல எல்லாம் காலி. பன்னி வளக்கிறவன் சிரிக்க மாட்டான்" என்பாய்.

அந்தக் காய்ச்சலின் வைரசை ஒரு முயலுக்குக் கொடுத்து, அதன் மண்ணீரலிலிருந்து எடுத்து அடுத்த முயலுக்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு என்று கடத்திக்கொண்டே போனால், கடைசியில் அது பன்றியைக் கொல்ல மறந்துவிடும். அப்புறம் அதையே தடுப்பூசியாகப் போடலாம். இதெல்லாம் தெரிந்த சங்கதிதான் என்றாய். தெரியாதது, அதன் மரபுப் பொருளில் எந்த இடம் மாறியதால் அது மறந்தது என்பது. அதைக் கண்டுபிடிக்கக் கொலைகார முதல் வைரசும் வேண்டும், சாதுவான கடைசி வைரசும் வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

"நம்ம வீடு மாதிரிதாம்லே. தாத்தா வாயத் தொறந்தா தூத்துக்குடியே அதிரும். அப்பா பரவாயில்ல. நீ சண்டையக்கூட பெங்காலிலதான் போடுத. எந்த இடத்துல மாறிச்சு, சொல்லு பாப்போம்."

"ரொம்ப முயலாத அக்கா. உங்கூட இருக்கதெல்லாம் ஏற்கெனவே முயலாத்தான் இருக்கு" என்றேன். முயலுக்குத் தெர்மாமீட்டரை எங்கே வைப்பார்கள் என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்கு ஜுரமே வந்ததில்லை, தெரியுமா?

அப்புறம் அந்த மழை. ஊரெல்லாம் தண்ணீர், நாள்கணக்கில் கரண்ட் இல்லை. நீ முழங்கால் தண்ணீரில் தலையில் கூடையோடு வந்தாய். கூடைக்குள் ஒரு வெள்ளை முயல்.

"ஏட்டி, எந்தச் சவத்தத் தூக்கிட்டு வந்திருக்க?" என்றாள் அம்மா.

"மாப்பிள்ளை" என்றேன் நான். "நீதானம்மா தேடிக்கிட்டிருந்த? அவளே கூட்டிட்டு வந்துட்டா. நல்ல செவப்புத் தோலு வேணும்ன, வெள்ளையாவே வந்திருக்கு."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். மாடிவீட்டு மாஷிமா அதற்குக் கொல்மிக் கீரை கொடுத்தனுப்பினாள். நீ மட்டும் சிரிக்கவில்லை.

"ஃப்ரீஸர் செத்துப்போச்சுலே. பழசெல்லாம் கரைஞ்சுட்டு."

முதல் வைரஸ் இருந்த பன்றித் துண்டுகள் அழுகிப்போயிருந்தன. கடைசி வைரஸ் மட்டும் மாப்பிள்ளையின் உடம்புக்குள் உயிரோடு இருந்தது. "விடை கைல இருக்கு. கேள்விதான் கரைஞ்சு போயிட்டு" என்றாய். அத்தனை வருஷப் படிப்பும் அந்தக் கேள்வியில்தான் நின்றது. நீ அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

தண்ணீர் வடிந்த அன்று மாப்பிள்ளைக்கு ஜுரம் ஏறியிருந்தது. அடுத்த முயலுக்குக் கடத்த அதுதான் நேரம். நீ கூடையைத் தூக்கினாய். அதற்குள் தினமும் அதற்குக் கீரை ஆய்ந்து போடப் பழகிவிட்ட அம்மா, "திரும்பக் கொண்டாந்துருவியா?" என்று கேட்டாள். நீ செருப்பு மாட்டிக்கொண்டே இருந்தாய்.

டாலிகஞ்சில் கால்வாய் ஓரத்துக் கொட்டடிகளில் பன்றிகள் சாகின்றன என்று கேள்விப்பட்டதும் அந்தச் சேற்றுத் தண்ணீரில் இறங்கிப் போனாய். செத்துக்கொண்டிருந்த ஒன்றிலிருந்து எடுத்த துண்டை ஐஸ் போட்டு, அப்பா துறைமுக ஆபீசுக்குக் காப்பி கொண்டுபோகிற பிளாஸ்கிலேயே அடைத்துக்கொண்டாய். அதை ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்த்துவிட்டு, காலி பிளாஸ்கோடு வாசலில் நின்றாய். "கேள்வி கெடைச்சிட்டுலே."

அடுத்த மாதம் உன் கண் மஞ்சளாயிற்று. அழுக்குத் தண்ணீரில் வந்த காமாலை, முற்றிவிட்டது என்றார் டாக்டர். பன்றிக் காய்ச்சல்தான் ஒட்டிக்கொண்டது என்றார்கள் பார்க்க வந்தவர்கள் எல்லோரும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உனக்கு அதுதான் கவலை. "அது மனுசங்களத் தொடாதுலே. அம்மாட்ட சொல்லிரு. பன்னி வளக்கிறவங்கள யாரும் ஏசிரக் கூடாது."

நர்ஸ் உன் வாயில் தெர்மாமீட்டர் வைத்தாள். "நல்ல இடமாத்தான் வைக்காங்க" என்றேன். "நீ எத்தனாவது முயல்க்கா?"

தெர்மாமீட்டரை எடுத்ததும் சொன்னாய்: "எத்தனாவதோ. அடுத்தது நீதான்."

அந்தத் துண்டு இன்னும் உறைந்தே இருக்கிறதாம். உன் இடத்துக்கு வந்திருக்கிற பெண் வந்து சொன்னாள். உன் கையெழுத்துப் போட்ட சீட்டைக்கூடக் கிழிக்கவில்லையாம். கேள்வி பத்திரம். ஆனால் ஒவ்வொரு தடவை கரண்ட் போகும்போதும், அது திரும்பி வரும்வரை நிமிஷங்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் கதையை முதல் தடவை ஸ்கூலில் சொன்னபோது பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டேன். அடுத்த தடவை முழுசாகச் சொன்னேன். அதற்கடுத்த தடவை மாப்பிள்ளை ஜோக்கை எங்கே வைத்தால் எடுபடும் என்று தெரிந்துவிட்டது. போன வாரம் கிளப்பில் கேரம் ஆடிக்கொண்டே சொன்னேன். உன் மஞ்சள் கண், தெர்மாமீட்டர், "அடுத்தது நீதான்", எல்லாம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் எனக்குள் எதுவுமே வலிக்கவில்லை. அப்போதுதான் பயந்தேன். வாய்க்கு வாய் கடத்திக் கடத்தி உன்னை நான் சாதுவாக்கிவிட்டேன்.

அந்தக் கடைசி மத்தியானம் நர்ஸ் போனபிறகு, என் கையைப் பிடித்து நீ சொன்னாயே, அதை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. அம்மாவுக்கும் இல்லை. இந்த மடலிலும் எழுத மாட்டேன். உனக்குத்தான் தெரியுமே.

இதோ, கரண்ட் போய்விட்டது. தெருவே சலித்துக்கொள்கிறது. அம்மா மெழுகுவர்த்தி தேடுகிறாள். பால்கனியில் கீரை வாடிக்கொண்டிருக்கிறது. நான் எனக்குள்ளே கையை விட்டு, நீ கடைசியாகச் சொன்ன அந்தத் துண்டைத் தொட்டுப் பார்க்கிறேன்.

கரையவில்லை அக்கா. இன்னும் கொல்கிறது.