இடிப்பவனை நிறுத்தியபின்

பயண நாள் 402. காலை 7.10
பதிவு: ரெமிஜியுஸ் மச்சாது, உயிர்வேதியியலர். சிறுகோளிலிருந்து தனியாகத் திரும்புகிறேன். காற்றழுத்தம் சரி. பாதை சரி.
எலும்பு ஸ்கேன் முடிந்தது. எடையில்லாமல் மிதந்தால் எலும்பு கரையும். எலும்பைத் தின்னும் செல்கள் கத்தெப்சின் கே என்ற நொதியைச் சுரந்து, எலும்பின் நாரை அறுக்கும். நான் உருவாக்கிய மாத்திரை அந்த நொதியை முடக்குகிறது. எலும்பு இம்மிகூடக் குறையவில்லை.
தரைநிலைய மருத்துவர் ஷமீமா: "உங்க எலும்பப் பார்த்தா எனக்கே பொறாமையா இருக்கு, ரெமிஜியுஸ்."

நாள் 405. மாலை 4.30
இங்கே நிற்க வேண்டுமென்றால் பாதத்தைக் கம்பியில் மாட்டிக்கொள்ள வேண்டும். தினமும் செய்வதுதான். இன்று 'டிக்' என்றது. கால் சுண்டுவிரல் ஒடிந்துவிட்டது. அடியும் இல்லை, இடியும் இல்லை.

நாள் 409. காலை 9.00
நுண் ஸ்கேன் எடுத்தேன். தொடை, முழங்கை, முதுகு, எங்கும் மயிரிழை விரிசல்கள்.
விரிசல் விட்ட பழைய எலும்பை அந்த நொதி இடித்தால்தான் அங்கே புதியது கட்டப்படும். நான் இடிப்பதை நிறுத்தினேன். கட்டுவதும் நின்றுபோயிற்று. அடர்த்தி இருக்கிறது, உறுதி இல்லை.
ஷமீமா: "மாத்திரைய இப்பவே நிறுத்துங்க."
நான்: "நிறுத்தினா அடக்கி வெச்ச செல்லெல்லாம் ஒரேயடியா கிளம்பும், டாக்டர். இறங்குறதுக்குள்ள இருக்கிறதையும் தின்ன ஆரம்பிச்சிடும். பூமிய ஒரு சுத்து சுத்தி, மெதுவா இறங்க முடியாதா?"
ஷமீமா:
"அதுக்கு எரிபொருள் இல்ல. கலம் நேரா உள்ள வரும். உடம்பு எட்டு மடங்கு கனக்கும், ரெமி."
முதல்முறையாக ரெமி என்கிறார்.

நாள் 413. காலை 6.20
இன்று இறங்குகிறேன். மாத்திரையை விழுங்கினேன். விழுங்காமலும் பார்த்தாயிற்று, அது நேற்று. எதுவும் மாறப்போவதில்லை. இருக்கையில் போர்வை, உடுப்பு, மெத்தை உறை எல்லாவற்றையும் திணித்துவிட்டேன். வெளியே வழியில்லை. என் உடம்புக்குள்ளும் வழியில்லை.
இனிமேல் குரல் பதிவு.

அதே நாள். குரல் பதிவு
கனக்குது. விலா... ஒண்ணு போச்சு. இன்னொண்ணு. மூச்சை இழுக்கக் கூடாது. கொஞ்சமா... கொஞ்சமா.

கடல். நேரம் தெரியல
உயிரோட இருக்கேன். கால் ரெண்டும் சொன்ன பேச்சு கேக்கல. தண்ணி உள்ள வருது, இடுப்புவரைக்கும்.
மீட்க வந்தவங்க வெளியே தட்டுறாங்க. "சார்! வெளிப்பூட்டு உருகி ஒட்டிக்கிச்சு! உள்ள இருக்கிற லீவர இழுங்க!"
இழுத்தேன். வலது கை முழங்கைக்குக் கீழே ஒடிஞ்சுபோச்சு. சத்தம் அவங்களுக்கே கேட்டிருக்கும்.
"சார்? சார்!"
லீவர் பாதி திரும்பியிருக்கு. தண்ணி மார்புக்கு.
இடது கை இருக்கு.