கல்லைப் பிடிக்க ஒரு கை

இயேசு மரி சூசை துணை

விருத்தாசலம்
22.3.2006

அன்புள்ள ரீட்டா அப்பாவுக்கு, அருள்மேரி எழுதுவது. நானும் பிள்ளையும் சுகம். மோர்பி டைல்ஸ் கம்பெனியில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது, பருப்பில் வெல்லம் போடுவதை அந்த மெஸ்காரர் விட்டாரா என்று எழுதுங்கள். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் ஒரு விஷயத்தைத் தொடங்குவதற்குள் நீங்கள் மூன்று யோசனை சொல்லிவிடுகிறீர்கள். இதில் உங்களால் குறுக்கே பேச முடியாது. பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள்.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு அங்கே வந்துவிடு என்று போன தடவை சொன்னீர்கள். பார்க்கலாம் என்றேன். எனக்கு அதில் துளியும் மனசில்லை என்பது உங்களுக்கும் தெரியும். பிள்ளை பத்தாவது போகிறாள், அவளை எந்தப் பாஷையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது? அதனால்தான் அந்த அம்புமுனை வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு முனையாவது உருப்படியாக வந்தால் மியூசியத்திலிருந்து வருஷம் முழுக்க வேலை வரும், பின்பக்கத்துக் கொட்டகையையும் சின்னச் சூளையையும் உங்கள் இரண்டு பேருக்கே விட்டுவிடுகிறேன் என்று நம் பீங்கான் பட்டறை முதலாளி ஆதிநாராயணன் வாய் விட்டுச் சொல்லியிருந்தார். முனை சரியாக வந்தால் நீங்கள் இங்கே வரலாம். வராவிட்டால் நான் அங்கே வர வேண்டும்.

பிள்ளைகள் தொட்டுப் பார்க்க ஆதிமனிதன் செய்தது போல அம்புமுனை வேண்டும் என்று மியூசியத்துச் சண்முகப்ரியா மேடம் கேட்டதற்கு, முதலாளி கரண்டுப் பெட்டிக்குப் பீங்கான் ப்யூஸ் கேரியர் போடுவது போல மண்ணில் அச்சுப் போட்டு அனுப்பினாரே, நினைவிருக்கிறதா? பிஸ்கட் மாதிரி இருக்கிறது என்று அந்தம்மா திருப்பி அனுப்பியதை நினைத்தால் எனக்கு இன்னமும் சிரிப்பு வருகிறது. அப்புறம் அவர்களே ஒரு மூட்டை சிக்கிமுக்கிக் கல் அனுப்ப, நீங்கள் எர்த் கம்பியைக் கொய்யாக் கட்டையில் சொருகி அழுத்துகிற கோல் செய்து கொடுத்தீர்கள். பழைய செருப்புத் தோலில் கல்லை வைத்து நீங்கள் பிடிப்பீர்கள், நான் விளிம்பில் கோலை ஊன்றி அழுத்துவேன். சில்லு சில்லாகப் பெயர்ந்து வரும். கை கூடி வருகிற நேரத்தில் மோர்பிக்கு ரயில் ஏறிவிட்டீர்கள்.

நீங்கள் போன பிறகு நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். ஒரு கையால் பிடித்து மறு கையால் அழுத்தினால் பலமே போதவில்லை. விளிம்பு நொறுங்கி மாவாகப் போகிறது. ஆத்திரத்தில் ஓங்கி அழுத்தினால் கல் நடுவில் இரண்டாக உடைகிறது. ரீட்டா பிரவுசிங் சென்டருக்குப் போய் இதைப் பற்றி ஒரு தாள் எடுத்து வந்து அர்த்தம் சொன்னாள். கல்லைச் சூடு பண்ணினால் சுலபமாகப் பெயருமாம். சூடுதானே, அதற்கா நமக்குப் பஞ்சம் என்று யாரிடமும் கேட்காமல் பெரிய சூளையில் யானைப் பொம்மைகளோடு கல்லையும் ஏற்றிவிட்டேன்.

சிரிக்காதீர்கள். உள்ளே கல் வெடித்து, சில்லெல்லாம் பளபளப்புப் பூச்சில் ஒட்டிக்கொண்டு, சூளையைப் பிரித்தால் அத்தனை யானைக்கும் அம்மை போட்டிருந்தது. முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கொட்டகையாவது, சூளையாவது, எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். பூச்சுப் பூசுகிற வீராயி அக்காதான் ஒரு யானையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சொரசொரன்னு நெச யானை மாதிரிதான் இருக்குது என்று சொல்லி அவரைச் சிரிக்க வைத்தது. அந்த அக்காவுக்கு நீங்கள் வரும்போது ஒரு நல்ல புடவை வாங்கி வர வேண்டும்.

அப்புறம் நிதானமாக யோசித்தேன். பச்சைப் பொம்மையையே நாம் எடுத்ததும் பெருந்தீயில் வைப்பதில்லை, கல்லை மட்டும் வைக்கலாமா? ஒரு பானையில் மணலுக்குள் கல்லைப் புதைத்து, சின்னச் சூளையில் ஈரம் வற்றுகிற சூட்டுக்குச் சற்று மேலே மெல்ல மெல்ல ஏற்றி, அதற்குள்ளேயே ஆறவிட்டேன். எடுத்தபோது லேசாகச் சிவந்திருந்தது. உடைத்துப் பார்த்தால் உள்பக்கம் எண்ணெய் தடவினது போல மின்னியது. விளிம்பு நொறுங்குவதற்கும் காரணம் பிடிபட்டது. கூராக இருக்கிறதே என்று அப்படியே அழுத்திக்கொண்டிருந்தோம், அதுதான் தப்பு. முதலில் செங்கல்லில் உரசி விளிம்பைக் கொஞ்சம் மழுக்க வேண்டும். பிறகு கோலை உள்நோக்கித் தள்ளி, தள்ளினபடியே கீழே அமுக்க வேண்டும். அப்போதுதான் சில்லு நடு வரைக்கும் நீளமாக ஓடுகிறது.

எல்லாம் தெரிந்தும் பலம் போதவில்லை. மணிக்கட்டு வீங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ரீட்டா, “அப்பா இருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்மா” என்றாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. எழுந்து போய்ச் சோற்றைப் போட்டுக்கொண்டு ஊறுகாய் ஜாடியை எடுத்தேன். மூடி திறக்கவில்லை. நீங்கள் இருந்தால் நீட்டியிருப்பேன். இல்லாததால் இப்போதெல்லாம் ஜாடியை முழங்காலுக்கு நடுவே இடுக்கித்தான் திருகுகிறேன். அப்படித் திருகும்போதுதான் புத்தியில் பட்டது. சோற்றை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, கல் பிடித்த கை ஒரு தொடையின் உள்பக்கமும், கோல் பிடித்த கை மறு தொடையின் உள்பக்கமும் பதிய வைத்து, முழங்கால் இரண்டையும் சேர்த்து நெருக்கினேன். கைக்கு வேலையே இல்லை, காலே அழுத்துகிறது. டிக்கென்று ஒரு சத்தம். விரல் நீளத்துக்கு மெல்லிய சில்லு தோலில் விழுந்தது. ரீட்டா கத்தின கத்தலில் பக்கத்து வீட்டார் பாம்பு என்று கம்போடு வந்துவிட்டார்கள்.

நேற்று மேடம் வந்தார்கள். அப்படிக் காலால் அழுத்தியே நான் செய்து முடித்த அம்புமுனையை முதலாளி நெளிந்துகொண்டே எடுத்துக் கொடுத்தார். அந்தம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இதைச் செய்தது யார் என்றார்கள். என் எதிரில் ஒன்று செய்துகாட்ட முடியுமா என்றும் கேட்டார்கள். உள்ளுக்குள் கோணாங்குப்பம் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே உட்கார்ந்தேன். கடைசியாக, அம்புத் தண்டில் வைத்துக் கட்டுவதற்கு அடிப்பக்கத்தில் காடி வெட்டினேன். உடையவில்லை. முழுசாக வந்தது. மேடம் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, வேலையை இந்த மாதமே தொடங்கிவிடலாம் என்று முதலாளியிடம் சொன்னார்கள். முதலாளி என் பக்கம் திரும்பிச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அமிர்தசாமிய கெளம்பி வரச் சொல்லும்மா. சின்ன சூளைக்கு ஆள் வேணும்.”

உங்கள் குணம் எனக்குத் தெரியும். அவளே தனியாகச் செய்துவிட்டாளே, நான் எதற்கு என்று முறுக்கிக்கொள்வீர்கள். உண்மைதான், கல்லைப் பிடிக்க இனி உங்கள் கை வேண்டாம். ஆனாலும் வந்துவிடுங்கள். எனக்கு நீங்கள் வேண்டும். ஈஸ்டர் பூசைக்கு நாம் மூன்று பேரும் சேர்ந்து போக வேண்டும்.

இந்த வருஷத்து மாவடுவைப் புது ஜாடியில் போட்டு, பலம் கொண்ட மட்டும் இறுக்கி மூடி வைத்திருக்கிறேன். ரீட்டா தினமும் கேட்கிறாள். என்னால் திறக்க முடியவில்லை, அப்பாதான் வந்து திறக்கணும் என்று சொல்லியிருக்கிறேன்.

மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
அருள்மேரி