கண்ணைத் தவிர்த்த காப்பீடு

அன்பு மகளுக்கு,

உடம்பைப் பொறுத்தவரை நானும் அம்மாவும் நன்றாகவே இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். மனத்தைப் பற்றிக் கேட்காதே, கொதித்துக்கொண்டிருக்கிறது. இந்தக் கடிதத்தை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். முதலாவதில் கோபம் அதிகம், இரண்டாவதில் ஒன்றுமே இல்லை. இதிலும் ஏதாவது வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்.

உன் தாய்மாமாவின் வலது கண் மோசமாகிவிட்டது. வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்க்காதே என்று அம்மா கத்தாத நாள் இல்லை. உள்ளே சவ்வு கெட்டுவிட்டதாம், அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், இடது கண்ணிலும் தொடங்கியிருக்கிறதாம். சென்ற வாரம் ஒருவர், இவன் செய்துகொடுத்த இரும்புக் கதவைத் திருப்பிக் கொண்டுவந்து பட்டறை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். பற்றவைத்த கோடு புழு ஊர்ந்தது போல நெளிந்திருந்தது. இவன் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஷட்டரை இறக்கிவிட்டான்.

எல்லோரும் மருத்துவக் காப்பீடு வாங்கியே ஆக வேண்டும், இல்லையென்றால் அபராதம் என்று சட்டம் வந்தபோது, “என்னைக் கேக்காம எனக்கு ஒண்ணு வாங்கிக் குடுக்குற உரிமை எங்கம்மாவுக்கு மட்டுந்தான் இருந்துச்சு, இவங்க யாரு?” என்று நம் வீட்டு நடையில் நின்று சொன்னான். நீயும் போனில், “விடாதீங்க மாமா, உடம்பு உங்களோடது” என்றாய். அன்றிலிருந்து ஆண்டுதோறும் அபராதம் கட்டுவதை ஏதோ பதக்கம் வாங்குவது போலச் செய்துவந்தான். கேட்டவர்களிடமெல்லாம், “எம் மருமக படிச்சவ, அவளே சொல்லிட்டா” என்றான். எனக்கு அப்போதே உடன்பாடில்லை, வாயைத் திறக்கவில்லை. நோய் வந்த பிறகுதான் வாங்குவேன் என்று எல்லோரும் சொன்னால் எந்தக் காப்பீடும் நிற்காது, ஆகவே கட்டாயப்படுத்த அரசுக்கு ஒரு நியாயம் இருக்கிறது என்றுதான் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். உன் அலுவலகம் உனக்கு எடுத்துக் கொடுத்திருக்கும் காப்பீட்டை என்றாவது வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தாயா? கொள்கை உன்னுடையது அம்மா, கண் அவனுடையது.

கடைசியில் அவனே வந்து, “அத்தான், அந்தக் கழுதையை வாங்கித் தொலைச்சிடலாம், கூட வாங்க” என்றான். காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனோம். கண்ணில் கோளாறு என்று அவன் சொன்னதும் அங்கிருந்த பெண், ஏற்கெனவே இருக்கும் கோளாறு என்பதால் கண்ணுக்கு முதல் மூன்று ஆண்டு எதுவும் கிடைக்காது, மற்ற எல்லாவற்றுக்கும் உண்டு என்றாள். “மத்ததெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு, அதுக்கு எதுக்கு இன்சூரன்சு?” என்றான் இவன். அப்படியானால் வாங்க வேண்டாம், அபராதம் கட்டுங்கள் என்றாள். எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ தெரியவில்லை, எழுந்து நின்று இது அநியாயம் என்றேன். அவள், “சார், கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, கேக்கல” என்றாள். காலமெல்லாம் நூலக வேலையில் கிசுகிசுத்துப் பழகிய தொண்டை. மறுபடி சொன்னபோது அளவு மீறிவிட்டது, மேலாளரே அறையை விட்டு வெளியே வந்துவிட்டார். வாங்குபவன் கழுத்தில் துண்டைப் போட்டு இழுத்து வரும் அரசு, விற்பவன் முதுகை மட்டும் தடவிக்கொடுக்குமா? கட்டாயம் என்றால் இரு பக்கமும் கட்டாயமாக இருக்க வேண்டாமா? பிடிக்காத கடைக்குள் தள்ளிவிட்டு, உனக்கு வேண்டியது மட்டும் கிடையாது என்பது சட்டமா, வழிப்பறியா? இப்படியெல்லாம் கேட்டேன். அங்கே சிலருக்குச் சிரிப்பாகக்கூட இருந்திருக்கும்.

மேலாளர் ஒரு வழி சொன்னார். அவசர சிகிச்சை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், காத்திருப்புக் காலத்தைத் தளர்த்தும்படி மேலதிகாரியிடம் முறையிடலாமாம், சிலருக்குத் தளர்த்தியும் இருக்கிறார்களாம். டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார், முறையீட்டை நான் தயார் செய்துவிட்டேன். உன் மாமா கையெழுத்துப் போட மறுக்கிறான். “உள்ள போகமாட்டேன்னு சொன்ன கடையில போய்ப் பிச்சை கேக்கணுமா? மருமக என்னை என்னன்னு நினைப்பா?” என்கிறான். கேட்டாயா, அவனுக்குக் கண்ணைவிட நீ அவன்மேல் வைத்திருக்கும் மதிப்பு பெரிதாக இருக்கிறது. நீ பணம் அனுப்புகிறேன் என்பாய், வாங்கமாட்டான். அதனால் நான் சொல்வதைச் செய். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவனைக் கூப்பிடு. சட்டம் சரியா தப்பா என்று பேசாதே, அதை அவன் பார்வை திரும்பிய பிறகு நாம் மூவரும் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொள்ளலாம். கையெழுத்துப் போடுங்கள் மாமா, உங்களைப் பற்றி நான் குறைவாக நினைக்கமாட்டேன் என்று உன் வாயால் சொல்.

நேற்று வந்திருந்தான். அம்மா டீயை நீட்டினாள். அவன் கை டம்ளருக்குப் பக்கத்தில் காற்றைத் தடவியது. அம்மா டம்ளரை நகர்த்தி அந்தக் கைக்குள் வைத்தாள். “சூடா இருக்கு, பாத்து” என்றாள், அதற்கு மேல் அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே.

உன் அப்பா